இரட்டைப் பதிவு

உடம்பைப் பற்றி எழுதுவது இந்தப் பக்கங்களில் வழக்கமில்லை. நாம் பிரக்ஞையைப் பற்றி எழுதுவோம், இருப்பைப் பற்றி எழுதுவோம், மரணத்தைப் பற்றிக்கூட எழுதுவோம். இடுப்புச் சுற்றளவைப் பற்றி எழுதமாட்டோம். அது வாரப் பத்திரிகைகளின் மருத்துவப் பகுதிக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டோம். இந்த ஒதுக்கலில் ஒரு செருக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது முப்பத்தாறாவது வயதில், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 118 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சாகி வந்த அன்றுதான். நோய் இல்லை, நோயின் வாசற்படி என்றார் டாக்டர். பிறகு அவர் சொன்னவை இரண்டே காரியங்கள்: சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள். ஒரே மூச்சில், ஒரே தொனியில், இரண்டும் சம எடை உள்ளவைபோலச் சொன்னார். நான் மறுநாள் காலையே நடக்க ஆரம்பித்துவிட்டேன். சோற்றைக் குறைக்கவில்லை.

ஏன் ஒன்றை உடனே செய்தேன், மற்றதைத் தள்ளிப்போட்டேன் என்பதுதான் நான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்பும் விஷயம். சோம்பல் என்று சொல்லமுடியாது. பனியில் ஐந்தரை மணிக்கு எழுந்து போவது சோம்பேறியின் காரியமல்ல. நாக்கு என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு நான் வெகு நாட்கள் கழித்தே வந்து சேர்ந்தேன்.

ஏற்காட்டில் நடப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வங்கிக் கிளையில் எழுத்தர் வேலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது. அம்மாவும் நானும் மட்டும் உள்ள வாடகை வீடு. காலையில் ஏரியைச் சுற்றி நடப்பேன், சில நாட்கள் லேடீஸ் ஸீட் வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பகோடா பாயிண்ட். கற்குவியல்கள் கோபுரங்கள்போல் நிற்பதால் அதற்கு அந்தப் பெயர். ஆனால் நமக்குத் தெரிந்த பகோடாவைத்தான் என் நாக்கு எடுத்துக்கொண்டது. போய்விட்டுத் திரும்பினால் ஏரிக்கரைக் கடைகளில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். நான்கு வாங்குவேன். நடந்திருக்கிறேனே என்று ஒரு நியாயம் உள்ளே தயாராக இருக்கும்.

இந்த நியாயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. பேரேடுகள் போய்க் கணினி வந்துவிட்ட பிறகும் வங்கியில் வேலை செய்கிறவன் மனசில் உலகம் வரவு, பற்று என்றுதான் பிரிந்து கிடக்கிறது. நடந்தது வரவு, தின்றது பற்று, இருப்பு சரியாக இருந்தால் போதும். கையில் கட்டிய கடிகாரம் வேறு அடிகளை எண்ணித் தந்தது. நாளுக்குப் பத்தாயிரம் என்பது அதன் இலக்கு. இந்தப் பத்தாயிரம் ஏதோ உடற்கூற்று ஆராய்ச்சியின் முடிவு என்று நம்பியிருந்தேன். அது 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர். பத்தாயிரம் அடி மீட்டர் என்று அந்தக் கருவிக்குப் பெயர் வைத்தார்கள். வியாபாரப் பெயர் விதியாகிவிட்டது. வாழ்க்கையை எண்ணால் அளப்பவர்கள் என்று மற்றவர்களைக் கேலி செய்து இதே பத்திரிகையில் எழுதியவன், ராத்திரி ஒன்பது மணிக்கு மீதி எழுநூறு அடிகளைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்து தீர்த்தேன்.

நான்கு மாதம் கழித்து எடை பார்த்தேன். எழுபத்து நான்கு கிலோவாக இருந்தவன் எழுபத்து மூன்றரை. அந்த அரைக் கிலோவும் செருப்பைக் கழற்றி வைத்ததால் இருக்கலாம்.

அப்போதுதான் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515. எழுபது கிலோ உடம்பை இந்த ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டருக்கு மேலே தூக்க வேண்டிய வேலையைக் கலோரியில் சொன்னால் இருநூறுதான். உடம்பு ஒரு மோசமான இயந்திரம். எரிப்பதில் கால்வாசியையே வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே நாலால் பெருக்கலாம். எண்ணூறு. பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முனகி முனகி ஏறும் இந்த உயரத்தை ஒரு மனிதன் காலால் ஏறினால், அந்த ஏற்றத்துக்காக மட்டும் அவன் செலவழிப்பது சாம்பார், ரசம், மோர் என்று சாப்பிட்டு எழும் ஒரு சாப்பாடு. உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்போ ஏழாயிரத்து எழுநூறு கலோரி அளவுக்குச் சேமிப்பு. அதைக் கரைக்க, கூடுதலாக ஒரு கவளம்கூடச் சாப்பிடாமல், இந்த மலையை ஒன்பது பத்து முறை ஏற வேண்டும். ஏறியவன் கூடுதலாக ஒரு கவளம் சாப்பிடாமல் இருப்பானா?

இருக்கமாட்டான் என்பதோடு விஷயம் முடியவில்லை. டான்ஸானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்கள் நாள் முழுதும் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்று ஹெர்மன் பான்ட்ஸர் என்பவரும் மற்றவர்களும் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடம்பின் அளவை ஈடுசெய்து பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கன் செலவழிப்பதற்கும் அவர்கள் செலவழிப்பதற்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. நடையில் கூடுதலாகச் செலவானதை உடம்பு வேறு எங்கேயோ சிக்கனம் செய்து சரிக்கட்டிவிடுகிறது போலும். நான் வரவு வைத்த கணக்கை எனக்குத் தெரியாமல் உள்ளே ஒருவன் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆய்வு உண்டு. 1956இல் ழான் மேயர் என்ற ஊட்டவியல் அறிஞர் இந்திய சகாக்களுடன் மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டார். மூட்டை சுமந்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், மெலிந்திருந்தார்கள், எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் ஏறக்குறைய அதே அளவு சாப்பிட்டார்கள், பருத்திருந்தார்கள். இடையில் இருந்த, ஓரளவு அசைந்து வேலை செய்தவர்கள்தாம் குறைவாகச் சாப்பிட்டவர்கள். அந்த ஆலையில் குமாஸ்தாக்களும் இருந்தார்கள் என்று படித்தபோது எனக்கு உறவினர்களைப் பற்றிப் படிப்பது போலிருந்தது. அசைவு ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் பசிக்குத் தன் அளவு மறந்துபோகிறது என்பது மேயரின் முடிவு. நடை கொழுப்பை எரிப்பது கொஞ்சம்தான். பசியின் புத்தியைத் தெளியவைக்கும் என்பதே அதன் பயன் என்றாகிறது.

ஆக எடை என்கிற விஷயத்தில் தீர்ப்பு இலைப் பக்கம். ஆனால் எடைதான் விஷயமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் சகாக்களும் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என் போன்ற வாசற்படிக்காரர்கள் 531 பேரை எடுத்துக்கொண்டது. மூன்று வருஷத்தில், பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேருக்கு. ஆச்சரியம் என்னவென்றால், இப்படித் தப்பியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு அசையாதபோதும் ரத்தத்தில் ஏதோ அசைந்திருக்கிறது. வேலை செய்யும் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. தராசுக்கு அது தெரிவதில்லை. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரி மாரிஸ் 1953இல் காட்டியதும் இந்த வகைதான். அதிலும் ஒரு வில்லங்கம். சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது என்று 1956இல் அவர்களே எழுதினார்கள். வேலை மனிதனைப் பருக்கவைத்ததா, பருத்த மனிதன் உட்காரும் வேலையைத் தேடினானா? இலக்கிய உலகில் நம்மைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

எனவே டாக்டர் ஒரே மூச்சில் சொன்ன இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு வழிகள் அல்ல. ஒன்றை மற்றதால் ஈடுகட்ட முடியாது. நடக்காதவனின் பட்டினி அவன் தசைக்கு உதவாது. தின்பவனின் நடை அவன் தொந்தியைத் தொடாது. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் சோற்றைக் குறைத்தேன். இரண்டாவது கரண்டி விழும்போது கையை நீட்டி, போதும் என்றேன்.

இந்த ஒரு சொல் எங்கள் வீடுகளில் என்ன செய்கிறது என்று யாரும் எழுதியதாக நினைவில்லை. நடை தனியான காரியம். நான் போகிறேன், வருகிறேன், யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. மறுப்பு தனியான காரியமே அல்ல. பரிமாறும் கை அந்தரத்தில் நிற்கிறது. அம்மா முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், “உப்பு ஜாஸ்தியாடா?” என்று கேட்டாள். மூன்றாம் நாள், “உடம்புக்கு என்ன?” என்றாள். அரிசி வாங்க வரிசையில் நின்ற காலத்தை அறிந்தவள். அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்பதன் ஸ்தூலமான அர்த்தம், கேட்காமலே இரண்டாவது கரண்டி போட முடிகிறது என்பதுதான். அதை நான் தினமும் கைநீட்டித் தடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் நான் நடையைத் தேர்ந்தெடுத்ததன் மீதிப் பாதி இப்போது தெரிந்தது. நடந்தால் யார் முகமும் வாடாது.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் பத்தில் ஆறு குறட்பாக்களை உண்ணும் அளவுக்கே கொடுத்திருக்கிறார். முன்பு உண்டது செரித்த பிறகு, ஒத்துக்கொள்வதை, அளவறிந்து. நடப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நடக்காத மனிதனை அவர் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்த ஆறிலும் உண்பவன் மட்டும் இருக்கிறான். எதிரே கரண்டியோடு நிற்பவள் இல்லை. காந்தி இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். பழமும் கொட்டைகளும் மட்டும் உண்ட காலத்தில் அவர் கல்கத்தாவில் ஒரு வீட்டில் தங்கியபோது, அவருக்காகக் கொட்டைகளைத் தோலுரிக்க அந்த வீட்டுப் பெண்கள் ராத்திரி முழுதும் விழித்திருந்தார்கள் என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். தன் எளிமை பிறருக்குச் செலவு வைக்கிறது என்ற உறுத்தல்தான், 1915இல் ஹரித்துவாரில், நாளுக்கு ஐந்து பண்டங்களுக்கு மேல் உண்பதில்லை என்ற விரதத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டது. கட்டுப்பாடு என்பது தன்னோடு மட்டும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தமாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் என் எடை இரண்டரைக் கிலோ குறைந்தது, சர்க்கரை 106. டாக்டர் பாராட்டினார். அம்மா பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவள். அவளுக்கும் அன்று பார்த்தார்கள். முந்தைய தடவையைவிட வெகுவாக ஏறியிருந்தது. டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. அன்றிரவு தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது, நான் வேண்டாம் என்ற சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தவள். “என்னம்மா இது?” என்றேன். “பின்னே, கொட்டறதா?” என்றாள்.

ஒரு பற்று எழுதினால் எங்கேயாவது ஒரு வரவு எழுதியே ஆக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். எதிர்ப்பதிவு இல்லாத பதிவு கிடையாது. என் இலையில் கழித்ததெல்லாம் அவள் தட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் என் உடம்பின் கணக்கை மட்டும் பார்த்து, தேறிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு நடையை மட்டும் களங்கமில்லாதது என்று நினைக்க முடியவில்லை. அதன் எதிர்ப்பதிவு எங்கே விழுகிறது? ஒரு மாலை நாகலூர் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து பெண்கள் விறகுக் கட்டுகளோடு வந்துகொண்டிருந்தார்கள். சேர்வராயன் மலையின் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். வங்கிக்கு வந்து போகும் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், என்னை அடையாளம் கண்டு நின்றார்.

“எங்கே சார் போறீங்க?”

“எங்கேயும் இல்லைம்மா. சும்மா நடக்கிறேன்.”

“சும்மாவா?”

அவர் சிரித்தார். “சும்மாதான் நடக்கிறீங்கன்னா இதைக் கொஞ்ச தூரம் சுமந்துட்டு வாங்களேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுமையை வாங்கிக்கொள்ளவில்லை.

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த வேடிக்கையில் உடற்பயிற்சி என்ற கருத்தின் முழு விமர்சனமும் இருக்கிறது. உழைப்பிலிருந்து விடுபட்டவர்களுக்கே அந்தச் சொல் தேவைப்படுகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. மோட்டார் வராத அந்த நாட்களில் துரைகள் மலைவாசஸ்தலங்களுக்குக் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலி ஏறியது மனிதர் தோள்மீது. மேலே வந்து சேர்ந்ததும் ஆரோக்கியத்துக்காகக் காலாற நடந்தார்கள். ஏற்றத்தை ஒருவன் சுமக்க, சமதளத்தை மற்றவன் நடக்கிறான். என் காலை நேரத்து ஒரு மணி நேரமும் அப்படி ஒருவர் சுமந்து தந்ததுதான். நான் ஏரியைச் சுற்றும்போது அம்மா அடுப்படியில் நிற்கிறாள்.

சாப்பாட்டிலும் இதே தலைகீழ். இம்மலையின் சாமையும் தினையும் கேழ்வரகும் இவர்கள் விளைவித்துத் தின்ற தானியங்கள். ரேஷன் அரிசி வந்தது. 2011 முதல் விலையில்லாமலே வருகிறது. பசி போயிற்று, அதைக் குறைசொல்ல எனக்கு எந்த அருகதையும் கிடையாது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது சாமை கண்ணாடித் தாளில் பொட்டலமாகிக் கடைவீதியில் என் போன்ற சர்க்கரைக்காரனுக்காகக் காத்திருக்கிறது. வேறு எதுவும் இல்லாததால் அவர்கள் தின்றதை, எல்லாம் இருப்பதால் நான் தின்கிறேன். அதற்கு உணவுக் கட்டுப்பாடு என்று பெயர்.

குற்ற உணர்ச்சியில் முடிப்பது சுலபம். நம்மில் பலருக்கு அது ஒரு நடைமுறையாகவே ஆகிவிட்டது; உணர்ந்துவிட்டோம், அதனால் விடுபட்டுவிட்டோம் என்று. அதுவும் பஜ்ஜிக் கணக்குதான். அந்த அம்மாளின் சுமையை நான் ஒருநாள் வாங்கியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. ஆனால் என் நடைக்கு நான் புண்ணியம் கேட்காமல் இருக்கலாம். மெலிந்தவன் ஒழுக்கமுள்ளவன், பருத்தவன் ஒழுக்கங்கெட்டவன் என்று உடம்பிலிருந்து குணத்தைப் படிக்கும் புதிய சாமுத்திரிகா லட்சணத்தை ஏற்க மறுக்கலாம். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போதும் நடக்கிறேன், எடைக்காக அல்ல, அதனால் அது குறைவதில்லை. என் தசைக்கு நல்லது என்று தெரியும். அதற்கு மேல், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி விலகுவதைப் பார்க்கிறேன். நடை எதையும் அடைக்க வேண்டிய கடன் இல்லை என்று ஆன பிறகுதான் அதை நடையாகப் பார்க்க முடிகிறது.

சோற்றுக்கு வேறு வழி கண்டேன். இலையில் மறுப்பது தாமதம்; வடித்த பிறகு சோறு யார் வயிற்றிலாவது போய்த்தான் ஆக வேண்டும். குறைப்பதானால் உலையில் போடுவதற்கு முன் குறைக்க வேண்டும். ஆனால் அதை நான் தனியாகச் செய்ய முடியாது. அரிசிப் பானை என் ஆட்சியில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். என் சர்க்கரையைப் பற்றி அல்ல, அவளுடையதைப் பற்றி. இத்தனை வருஷத்தில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நான் கேட்டது அதுவே முதல் தடவை. கேட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கு ஒன்றரை ஆழாக்குப் போதும் என்று முடிவாயிற்று. பொரியல் கூடுதல். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, அவள் பிறகு சாப்பிடுவது இல்லை.

அளந்துதான் போடுகிறாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்றரை ஆழாக்கைத் தலைதட்டி அளந்து போட்ட பிறகு, கை மறுபடி பானைக்குள் போய் ஒரு பிடி அள்ளும்.

“அது எதுக்கும்மா?”

“யாராவது வந்துட்டா?”

இந்த மலைக்கு எங்களைத் தேடி யாரும் வருவதில்லை. அந்த ஒரு பிடியின் கலோரியை என்னால் சொல்லிவிட முடியும். அதைப் பானையிலேயே திரும்பப் போடச் சொல்ல வேண்டுமா என்பதற்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. இதுவரை சொல்லவில்லை.